விடுபடாத பிரேக்: நாமே செய்த பழுதும் நாமே கண்ட காரணமும்

நெய்வோரும் பயிரிடுவோரும் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்குச் சொந்தமாகச் சிறு வண்டி ஒன்று இருப்பது இந்நாளில் ஆடம்பரம் அன்று. குடியாத்தத்துத் தறிகளிலிருந்து இறங்கும் கைலிக் கட்டுகள் உரிய நாளில் உரிய இடத்தை அடைய வேண்டும். திரும்பும் வழியில் நூல் சிப்பமும், உர மூட்டையும், பருவம் வாய்த்தால் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் கூடைகளும் ஏறி வர வேண்டும். வாடகை வண்டியையே நம்பியிருந்தால் ஆதாயத்தில் பெரும்பங்கு வாடகைக்கே கழிந்துவிடும். வண்டி சொந்தமான பின், அதன் சிறு பழுதுகளையும் நாமே பார்த்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம் அங்கத்தினர்களுக்கு எழுவது இயற்கையே. அவ்வெண்ணம் தவறு என்று நாம் சொல்ல மாட்டோம். தறியின் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றி மாட்டத் தெரிந்த கைகளுக்கு ஸ்பேனர் பிடிப்பது அரிய காரியம் அன்று. ஆயினும் பிரேக் விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. பிடிக்காத பிரேக்கை எவரும் முதல் தெருத் திருப்பத்திலேயே கண்டுகொள்வர். பிடித்த பின் விடாத பிரேக்கோ, வண்டி பல கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய பின்னரே தன் குணத்தைக் காட்டும். அதற்குள் வண்டியில் சுமை ஏறியிருக்கும். சாலையில் ஜனங்களும் இருப்பார்கள்.

நமது சங்க வண்டிக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின் சக்கரங்களில் டிரம் பிரேக்கும் உள்ள வண்டி அது. முன் பேடுகள் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசும் நிலை வந்தபடியால், புதிய பேடுகளை வாங்கிவந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாமே மாற்றினோம். கேலிபரைக் கழற்றியதும் அதனைக் கம்பி கொண்டு கட்டி வைக்கத் தோன்றவில்லை. அதனுடைய ஹோஸிலேயே தொங்கவிட்டு விட்டோம். பிஸ்டன் உள்ளே போக மறுத்தது. நிப்பிளைத் திறந்து வைத்துக்கொண்டு நெம்பித் தள்ளினோம். எல்லாம் பூட்டி முடிந்து பெடலை மிதித்தபோது அது முன்னைவிட ஆழமாக இறங்கிற்று. நிப்பிளைத் திறந்தபோது உள்ளே காற்றுப் புகுந்திருந்ததே அதற்குக் காரணம் என்பது இப்போது நமக்குத் தெரிகிறது. அப்போது தெரியவில்லை. "பெடலிலிருந்து போகும் தள்ளுகோலைச் சற்றே நீட்டினால் பெடல் மேலே வந்துவிடும்" என்று நம்மில் ஒருவர் யோசனை கூறினார். நட்டைத் தளர்த்தி இரண்டு சுற்று நீட்டினோம். பெடலும் மேலே வந்தது. வாசலில் முன்னும் பின்னும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, கூலி மிச்சம் என்று மகிழ்ந்து கலைந்தோம்.

மறுநாள் பிற்பகல் கைலிக் கட்டுகளோடு குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு வழியாக ஆம்பூருக்கு வண்டி புறப்பட்டது. சிறிது தூரத்திலேயே இஞ்சின் திணறுவது ஓட்டுநருக்குத் தெரிந்தது. பாரம் மிகுதி என்று அவர் சமாதானம் செய்துகொண்டார். பேரணாம்பட்டை நெருங்கியபோது தீய்ந்த வாடை வந்தது. நம் பக்கத்தாருக்கு வாடை என்பது ஒரு செய்தியே அன்று. தோல் பதனிடும் ஊர்களின் வழியாக அன்றாடம் போய் வருபவனின் மூக்கு பாதி உறங்கியே இருக்கும். ஓட்டுநரும் அதனைத் தோல் ஷாப்பு வாடை என்றே எண்ணிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். ஊரைத் தாண்டியும் வாடை கூடவே வந்தது. இறங்கிப் பார்த்தால் வலப்புற முன் சக்கரத்திலிருந்து புகை! தமக்கு யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்த கைவைத்தியத்தை அவர் செய்தார். நிப்பிளை ஸ்பேனரால் அரைச் சுற்றுத் திருகினார், கொதிக்கும் ஆயில் பீறிட்டு அடித்தது, சக்கரம் விடுபட்டது. நிப்பிளை மூடிவிட்டு மறுபடி வண்டியைக் கிளப்பினார்.

அந்த வைத்தியமே விபரீதமாயிற்று. ஆம்பூர் நகருக்குள் பள்ளி விடும் நேரத்தில் நுழைந்தபோது, பெடலை மிதித்தால் அது எதிர்ப்பின்றித் தரைவரை அமிழ்ந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தும், கீழ்க் கியருக்கு மாற்றியும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். சாலையோரத் தள்ளுவண்டி ஒன்றுக்கும் நம் வண்டிக்கும் இடையே ஒரு முழ இடைவெளி இருந்தது. தள்ளுவண்டிக்காரர் இரண்டு சிறுவர்களுக்குக் கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிரவும் இல்லை.

பிரேக் எவ்விதம் விடுகிறது?

பிரேக் எவ்விதம் பிடிக்கிறது என்று கேட்போர் பலர்; எவ்விதம் விடுகிறது என்று கேட்போர் அரியர். கவலை இறைத்த நாட்களை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். மாடுகள் முன்னே சென்று தோற்பையை மேலே இழுப்பது பாதி வேலையே. அவை பின்னடைந்து வரும்போது பை தடையின்றிக் கிணற்றுக்குள் இறங்க வேண்டும். கயிறு உருளையில் சிக்கிக்கொண்டால் பை நடுவழியில் தொங்கும், அடுத்த இறைப்புக்குத் தண்ணீர் இல்லை. தறியிலும் அப்படியே. பாவு சுற்றிய உருளையைக் கயிறும் பாரமும் இறுக்கிப் பிடிக்கின்றன. அந்தப் பிடி உரிய அளவுக்கு விட்டுக்கொடுக்காவிட்டால் இழைகள் அறும்.

வண்டியில் நடப்பது யாதெனில், பெடலை மிதிக்கும்போது தள்ளுகோல் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. பூஸ்டர் உள்ள வண்டிகளில் இடையே அது துணை செய்கிறது. பிஸ்டனின் முகப்பில் ரப்பர்க் கிண்ணம் ஒன்று உண்டு; நம் மெக்கானிக்குகள் அதனைக் கப் என்பர். சிலிண்டரின் சுவரில், மேலே ஆயில் டப்பாவுக்குச் செல்லும் ஊசிமுனை அளவான துவாரம் ஒன்று இருக்கிறது. கப் அத்துவாரத்தைத் தாண்டியதும் ஆயிலுக்குத் திரும்பும் வழி அடைபடுகிறது. அப்போதுதான் அழுத்தம் உண்டாகிக் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் செல்கிறது. காலை எடுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள, கப் மறுபடியும் துவாரத்தைத் திறந்துவிடுகிறது. எஞ்சிய அழுத்தம் டப்பாவுக்குள் வடிகிறது. சில புதிய வகைகளில் துவாரத்துக்குப் பதிலாகச் சிறு வால்வு ஒன்று இதே பணியைச் செய்கிறது.

இந்தத் துவாரம் திறக்க வேண்டுமாயின் பிஸ்டன் முற்றிலும் பின்னே வந்தாக வேண்டும். முற்றிலும் வருவதற்காகவே தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடப்படுகிறது. பெடலில் அது சில மில்லிமீட்டர் ஆட்டமாகத் தெரியும். ஆட்டம் என்றாலே குறை என்று கருதி அதனைப் போக்கிவிடுவது, நாம் செய்தது போல, துவாரத்தை நிரந்தரமாக மூடுவதற்குச் சமம். முதல் சில மிதிப்புகளில் ஒன்றும் தெரியாது. பின்னர் சக்கரத்தின் உஷ்ணம் ஆயிலுக்கு ஏறும். உஷ்ணத்தால் ஆயில் விரியும். விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை. ஆகவே அதுவே பேடுகளைத் தள்ளும். தள்ளினால் உரசல் மிகும். உஷ்ணம் மேலும் ஏறும். காலை வைக்காமலே பிரேக் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும் விந்தை இதுதான்.

சக்கரத்தின் முனையில் நடப்பதும் அறியத்தக்கது. டிரம் பிரேக்கில் ஷூக்களைத் திரும்ப இழுக்க வலுவான ஸ்பிரிங்குகள் உள்ளன; கண்ணுக்குத் தெரியும் ஏற்பாடு அது. டிஸ்க் பிரேக்கில் அத்தகைய ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுரக் கட்டமைப்புடைய ரப்பர் வளையம் ஒன்று, பிஸ்டன் முன்னே போகும்போது சற்றே முறுக்கிக்கொண்டு, காலை எடுத்ததும் முறுக்கு நீங்கி அதனை மில்லிமீட்டரில் சிறு பின்னம் அளவு பின்னே இழுக்கிறது. அந்தச் சிறு பின்னத்தை நம்பியே பேடு டிஸ்க்கை விட்டு நீங்குகிறது. ஒரு மயிரிழைத் துரு, ஒரு துளி தகாத கிரீஸ் அதைக் கெடுக்கப் போதும்.

இவ்விடத்தில் நம் வட்டாரத்தாருக்கு உவப்பான செய்தி ஒன்றைக் கூறலாம். ஆயிலின் அழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் முறைக்கு அமெரிக்காவில் மால்கம் லாக்ஹெட் என்பவர் 1917இல் காப்புரிமை பெற்றார். 1921இல் டூசன்பர்க் கார்கள் நான்கு சக்கரங்களிலும் அம்முறையோடு வெளிவந்தன. அக்காலத்தில் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் கப்புகள் தோலால் ஆனவை. அடிபம்பின் வாஷரைப் போன்றவையே. காய்ந்தால் சுருங்கும், ஊறினால் கசியும். 1924இல் கிறைஸ்லர் காரோடு ரப்பர்க் கப்புகள் வந்த பின்னரே கசிவு அடங்கி அம்முறை பரவிற்று. தோல் விட்ட இடத்தை ரப்பர் பிடித்தது என்பதில் ஆம்பூரார் வருந்த வேண்டியதில்லை. ஆனால் தோலுக்கு எந்த எண்ணெய் ஆகும், எது ஆகாது என்று அறிந்தவர்கள், ரப்பருக்கும் அத்தகைய பத்தியம் உண்டு என்பதை எளிதில் ஒப்புக்கொள்வார்கள். அதனைப் பின்னர்ப் பார்ப்போம். 1962இல் சென்னைப் பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்துக்கு நமக்கு அண்மையிலுள்ள சோளிங்கரில் வார்ப்படச் சாலை இருப்பதால், பிரேக் என்பது நம் பகுதிக்கு முற்றிலும் அயற்பொருளும் அன்று.

உரசலின் உஷ்ணம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. சுமையோடு 1500 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்பதனால் பிரேக்குகளில் உண்டாகும் உஷ்ணம், ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டைச் சுமார் 50 டிகிரி உயர்த்தப் போதுமானது. அது ஒருமுறை, பிறகு காற்றில் ஆறிவிடும். விடாத பிரேக்கோ ஓயாமல் உரசுகிறது. 10 கிலோ எடையைத் தூக்கும் அளவு விசைதான் சக்கரத்தைத் தடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அதே வேகத்தில் அது ஏறத்தாழ 1600 வாட். 1000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஒன்றரையைச் சக்கரத்துக்குள் வைத்து, நிறுத்தாமல் எரிய விட்டது போல.

பரிசோதனை முறை

வண்டியை மறுநாள் கட்டி இழுத்துக்கொண்டுவந்து கொட்டகையில் விட்டோம். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கழற்றிப் போட்டுவிட வேண்டும் என்று கைகள் துடிக்கும். அது கூடாது. கழற்றிய மாத்திரத்தில் அழுத்தம் விடுபட்டு நோயின் அடையாளமே மறைந்துவிடும். ஆயிலைச் சரியான மட்டத்துக்கு ஊற்றி, புகுந்த காற்றை ஓரளவு வெளியேற்றி, பெடலைப் பலமுறை மிதித்து, நோயை மறுபடி வரவழைத்த பின்பே தேடத் தொடங்க வேண்டும்.

முதல் கேள்வி: இழுப்பது எத்தனை சக்கரம்? தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் உயர்த்தி, உயர்த்திய பாகத்தை உறுதியான இரும்புத் தாங்கியில் நிறுத்திய பின் ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ வண்டிக்கடியில் தலை நுழைப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். செங்கல் எச்சரிக்கையின்றி நொறுங்கும். டிஸ்க் பிரேக்கில் இலேசான உரசல் ஓசை இருப்பது குற்றம் அன்று. கையால் தள்ளினால் ஒரு சுற்றாவது தங்கு தடையின்றிச் சுழல வேண்டும்.

நான்கும் இழுத்தால், அல்லது ஒரே குழாய் வழியைச் சேர்ந்த இரண்டு இழுத்தால், குற்றம் சக்கரத்தில் இல்லை. மாஸ்டர் சிலிண்டர், தள்ளுகோல், பூஸ்டர், பெடல் ஆகியவற்றில் அல்லது ஆயிலிலேயே இருக்கிறது. பின் சக்கரங்கள் இரண்டு மட்டும் இழுத்தால் ஹேண்ட் பிரேக் கேபிளை முதலில் சந்தேகிக்க வேண்டும். பின் அச்சுக்குப் போகும் ஹோஸ் ஒன்றே ஆயின் அதனையும் பார்க்க வேண்டும். ஒரே சக்கரம் இழுத்தால் அந்தச் சக்கரத்தின் உறுப்புகளும் அதன் ஹோஸுமே காரணம். வேலை செய்த இடத்தைவிட்டு வேறெங்கோ காரணம் தேடி அலைவதும் வீண். நேற்றுத் தொட்ட உறுப்பு எதுவோ அதுவே இன்று முதல் குற்றவாளி.

நமது வண்டியில் நான்கும் இழுத்தன. வலப்புற முன் சக்கரமோ அசையவே இல்லை. இந்த வேறுபாட்டை நாம் முதலில் பொருட்படுத்தவில்லை. தள்ளுகோலின் நட்டைத் தளர்த்திப் பழைய அளவுக்குக் குறைத்ததும் மூன்று சக்கரங்கள் உடனே விடுபட்டன. பூஸ்டர் உள்ள வண்டிகளில் இதற்கு நேரான மற்றொரு சோதனை உண்டு. மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிணைக்கும் நட்டுகளை இரண்டொரு சுற்றுத் தளர்த்தி, அதனைச் சில மில்லிமீட்டர் முன்னே இழுத்தவுடன் சக்கரங்கள் விடுபட்டால், தள்ளுகோலின் நீளமோ பூஸ்டரோ தவறு. அப்போதும் விடுபடாமல், மாஸ்டர் சிலிண்டரின் குழாய் மூட்டைத் தளர்த்தினால் மட்டும் விடுபட்டால், சிலிண்டரின் உட்புறமே தவறு. ஸ்டாப் விளக்கின் சுவிட்சை அளவுக்கு மீறித் திருகி உள்ளே செலுத்தினாலும் பெடல் முழுவதும் மேலே வராமல் இதே தொல்லை உண்டாகும். காலடியில் போட்ட தடித்த விரிப்புக்கூடப் பெடலைத் தடுத்து நிறுத்திவிடலாம். ஸ்பேனரை எடுக்குமுன் குனிந்து பார்ப்பதில் நஷ்டமில்லை.

மூன்று விடுபட்டதும் வேலை முடிந்தது என்றே மகிழ்ந்தோம். நான்காவது விடவில்லை. ஒரு நோய்க்கு ஒரு காரணமே இருக்கும் என்று நினைத்தது நம் இரண்டாவது பிழை.

ஒரே சக்கரம் இழுக்கும்போது அறிய வேண்டியது, உள்ளே அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறதா அல்லது உறுப்புகளே இறுகிக் கிடக்கின்றனவா என்பது. இதற்கு நிப்பிள் சோதனை மிகவும் உதவும். சக்கரம் நன்றாக ஆறிய பின், நிப்பிளில் ரப்பர்க் குழாயை மாட்டி அதன் மறுமுனையைப் புட்டியில் விட்டு, அரைச் சுற்றுத் திறக்க வேண்டும். ஆயில் வேகத்துடன் வெளிவந்து சக்கரம் உடனே விடுபட்டால் அழுத்தமே காரணம். ஆயில் துளித்துளியாக வந்து சக்கரம் முன்போலவே இறுகியிருந்தால், பிஸ்டனோ பின்னோ ஷூவோ சிக்கிக்கொண்டிருக்கிறது. வழியில் சூட்டோடு திறப்பது இச்சோதனை ஆகாது. அழுத்தத்தில் இருக்கும் வரையில் கொதிக்காதிருந்த ஆயில், திறந்தவுடன் கொதித்து ஆவியாகும். வெளியிலிருந்து காற்றும் உட்புகும். ஆயிலைப் போல் ஆவியும் காற்றும் அழுத்தத்தைக் கடத்துவதில்லை. மிதித்தால் தாமே சுருங்கிக்கொள்ளும். ஆம்பூரில் பெடல் அமிழ்ந்தது இதனால்தான்.

நமது வலப்புறச் சக்கரத்தில் ஆயில் பீறிட்டது, சக்கரம் விட்டது. ஆக அழுத்தம் சிறைப்பட்டிருந்தது. எவ்விடத்தில்? நிப்பிளை மூடி, பெடலை மறுபடி மிதித்து இறுகச் செய்து, இம்முறை ஹோஸ் தொடங்கும் மேல்முனை மூட்டைத் தளர்த்தினோம். அங்கே ஆயில் சொட்டியது, சக்கரமோ விடவில்லை. மூட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது ஹோஸ் ஒன்றே. அதனைக் கழற்றி நீளவாக்கில் அறுத்துப் பார்த்தோம். வெளியே ஒரு கீறலும் இல்லை. உள்ளே ரப்பர் உரிந்து, நாக்குப் போல வழியில் படுத்துக் கிடந்தது. மிதிக்கும் வேகத்தில் ஆயில் அதனை ஒதுக்கிக்கொண்டு போகும். மெல்லத் திரும்பும்போது நாக்கு வழியை மூடிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமையன்று கேலிபரின் முழுப் பாரத்தையும் அந்த ஹோஸில் தொங்கவிட்டோம் அல்லவா? முதுமையால் தளர்ந்திருந்த ஹோஸ் அதைத் தாளவில்லை. ஒரு முழம் கட்டுக்கம்பி செய்திருக்கக்கூடிய வேலை. ஹோஸ்களை இடுக்கியால் நசுக்கிப் பிடிப்பதாலும் இதே கேடு விளையும். ஒரு பக்கத்து ஹோஸ் கெட்டால் இரு பக்கமும் மாற்றுவதே முறை, அப்படியே செய்தோம்.

உறுப்புகளே சிக்கிக்கொள்ளும் வகைகள்

டிஸ்க் பிரேக்கில் கேலிபர் இரண்டு பின்களின் மேல் நகர வேண்டும். பின் துருப்பிடித்தாலும், மேலும் கீழுமாக உள்ள இரண்டு பின்கள் வெவ்வேறு வகையாயிருக்க அவற்றை இடம் மாற்றிப் பூட்டினாலும், வெளிப்பேடு டிஸ்க்கை விடாது. ஒரு பேடு தேய்ந்து மற்றது புதிதாகவே இருப்பது இதன் அடையாளம். புதிய பேடின் காதுகளில் படிந்த வர்ணமோ, அது உட்காரும் இடத்திலுள்ள துருவோ தடுக்கும். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, பேடு விரலால் தள்ளினாலே நகரும்படி செய்ய வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அதன் துருவேறிய பாகம் ரப்பர் வளையத்துக்குள் நுழைகிறது. அவ்விதம் நுழைந்த பிஸ்டன் பின்னர் முரண்டு செய்வதில் வியப்பில்லை. குழி விழுந்த பிஸ்டனை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து உபயோகிப்பது சிக்கனம் அன்று, மாற்றிவிட வேண்டும்.

டிரம் பிரேக்கில் தவறுக்கு இடம் அதிகம். ஸ்பிரிங்குகள், கொக்கிகள், லிவர், அட்ஜஸ்டர் என்று பல உருப்படிகள் உள்ளன. இரு பக்க டிரம்களையும் ஒருங்கே கழற்றாமல் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினால், மறுபக்கம் மாதிரியாக இருக்கும். இதனைவிட நல்ல யோசனை நமக்குத் தெரியாது. முன் ஷூவையும் பின் ஷூவையும் மாற்றிப் போடுவது, ஸ்பிரிங்கை அடுத்த துளையில் மாட்டுவது, வலப்பக்க அட்ஜஸ்டரை இடப்பக்கம் போடுவது ஆகியன சாதாரணமாக நேரும் பிழைகள். ஷூ சறுக்கும் தகட்டில் பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் கால் இடறி நிற்கும். ஹேண்ட் பிரேக் கேபிளைப் பொறுத்தவரை வரிசை முக்கியம். முதலில் கேபிளை முற்றும் தளர்த்தி, பின் ஷூவின் இடைவெளியைச் சரிசெய்து, கடைசியில்தான் கேபிளை இழுக்க வேண்டும். லிவர் அதிகம் மேலே வருகிறதே என்று முதலிலேயே கேபிளை இறுக்குவோர், ஷூக்களை என்றென்றும் டிரம்மில் சாய்த்து வைத்துவிடுகின்றனர். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். டிரம்மிலுள்ள தூளை வாயால் ஊதாமலும், காற்றுப் பம்பால் அடிக்காமலும், ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

ரப்பரின் பத்தியம்

சங்கத்து வண்டிகளில் நாம் அதிகம் அஞ்சுவது இதற்கே. டப்பாவில் ஆயில் குறைந்திருக்கிறது என்று கண்டு, கைக்கு அகப்பட்ட இஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஒரு மூடி ஊற்றிவிடுவார்கள். ஆயில் என்ற பெயரே இந்த மயக்கத்துக்குக் காரணம். பிரேக் ஆயில் பெட்ரோலியத்திலிருந்து வடிக்கும் மசகெண்ணெய் அன்று. தண்ணீரோடு கலக்கும் இயல்புடைய கிளைக்கால் வகைத் திரவம். பிரேக்கின் ரப்பர்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை. மசகெண்ணெய் பட்டால் அவை சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ உப்பிவிடும். உப்பிய கப் துவாரத்தை மூடும். உப்பிய வளையம் பிஸ்டனைக் கவ்வும். நான்கு சக்கரமும் இழுக்கும். மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் கொண்டு ரப்பர்களைக் கழுவினாலும் கதி அதுவே. கழுவுவதற்குப் புதிய பிரேக் ஆயில் அல்லது தூய ஆல்கஹால்தான் ஏற்றது.

சந்தேகம் தோன்றினால் வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, டப்பாவிலிருந்து சில துளிகள் விட்டுக் கலக்குங்கள். பிரேக் ஆயில் கரைந்துபோகும். மசகெண்ணெய் கலந்திருந்தால் மேலே கண்ணாகப் படரும். சோதித்த தம்ளரை மீண்டும் அடுக்களைக்கு அனுப்ப வேண்டாம், இத்திரவம் விஷம். கலப்பு உறுதியானால், ஆயிலை மட்டும் மாற்றித் தப்ப முடியாது. உப்பிய ரப்பர் பழைய அளவுக்கு நம்பகமாகத் திரும்புவதில்லை. குழாய்களைக் கழுவி, மாஸ்டர் சிலிண்டர் முதல் சக்கரங்கள் வரை ரப்பர்கள் யாவற்றையும், ஹோஸ்கள் உட்பட, மாற்ற வேண்டும். ஒரு மூடி ஆயிலுக்கு இவ்வளவு செலவா என்று நிர்வாகக் குழுவில் கேள்வி எழும், எழட்டும்.

கேலிபரின் பின்களுக்குப் பூசும் கிரீஸிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பேரிங்குக்கு வைக்கும் கிரீஸ் ஆகாது. சிலிக்கோன் கிரீஸ், அல்லது இதற்கெனக் கிடைக்கும் சிவப்பு ரப்பர் கிரீஸ்தான் பூச வேண்டும். இச்சிவப்பு கிரீஸ் ஆமணக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்டது. முற்காலத்துப் பிரேக் ஆயிலும் ஆமணக்கெண்ணெயில் ஆல்கஹால் கலந்ததே. கொல்லை ஓரத்தில் ஆமணக்கு வளர்க்கும் அங்கத்தினர்கள் இதனைக் கேட்டு மகிழலாம்; செக்கிலிருந்து நேரே கொண்டுவந்து பூசிவிட மட்டும் வேண்டாம்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்று குறியிட்ட ஆயில் புதிதாயிருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது; நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் கலந்த பின் அவ்வெல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4க்கு இவ்வெல்லைகள் 230, 155. ஆதலால் இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் முழுவதும் மாற்றுவது நன்று. திறந்து பல மாதம் அலமாரியில் கிடந்த புட்டியை ஊற்றக் கூடாது. ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் சுமையோடு இறங்குபவருக்கு இந்த டிகிரிக் கணக்கு ஏட்டுக் கணக்கு அன்று. கீழ்க் கியரில் இறங்குவதும், பெடலில் சதா காலை ஊன்றிக்கொண்டு வராமலிருப்பதும் அங்கே அவசியம்.

காற்றெடுத்தல், ஓட்டிப் பார்த்தல்

ஹோஸ்களை மாற்றிய பின் காற்றெடுத்தோம். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி அண்மையிலுள்ளதில் முடிப்பது பொது வழக்கம். வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதுவே பிரமாணம். ஒருவர் பெடலை மெல்ல மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, ஆயில் ஓடி நிற்குமுன் மூட வேண்டும். மூடிய பிறகே காலை எடுக்கலாம். இடையில் டப்பா வற்றினால் மறுபடியும் முதலிலிருந்து. ஏ.பி.எஸ். அமைந்த வண்டிகளில் சிலவற்றுக்குத் தனிக் கருவி தேவைப்படுவதால், அவற்றைப் பட்டறைக்கு அனுப்புவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. காற்று முற்றும் நீங்கியபோது, தள்ளுகோலை நீட்டாமலே நமது பெடல் உரிய உயரத்துக்கு வந்துவிட்டது. வலப்புறப் பேடுகள் சுட்டுக் கண்ணாடி போல் மின்னியதால் அவற்றையும், துணையாக இடப்புறத்தவற்றையும் மாற்றினோம். டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது; கோணல் இல்லையென்று அளந்து பார்த்த பின் வைத்துக்கொண்டோம்.

சுமையின்றி 5 கிலோமீட்டர், நடுவில் பெடலை இயன்றவரை தொடாமல் ஓட்டி, சமதரையில் கியரை எடுத்து வண்டி தானே நிற்கும்படி விட்டோம். பிறகு நான்கு சக்கரங்களின் அருகேயும் புறங்கையைக் கொண்டுபோய், தொடாமல், சூட்டை ஒப்பிட்டோம். நான்கும் ஏறக்குறைய ஒன்றாய் இருந்தன. மீண்டும் 15 கிலோமீட்டர், இம்முறை வழக்கம்போல் பிரேக் போட்டு ஓட்டிவந்து, அதே சோதனை. எந்தச் சக்கரமாவது தனித்துச் சுட்டால் தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது; வார்ப்பிரும்பு வெடிக்கும் அல்லது கோணிவிடும். நிழலில் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். இரண்டு நாள் இவ்விதம் பார்த்து, மூன்றாம் நாள் அரைச் சுமையும் ஐந்தாம் நாள் முழுச் சுமையும் ஏற்றினோம். ஆம்பூருக்குப் போன முதல் தடவை, பேரணாம்பட்டில் வண்டியை நிறுத்தி இறங்கி, நான்கு சக்கரங்களையும் முகர்ந்து பார்த்ததாக ஓட்டுநர் வந்து சொன்னார். அங்கே அன்று இருந்தது தோல் வாடை மட்டுமே.